தோழிக்கு ஒரு பொத்தான் போர்வை

கருநீலக் கம்பளியின் நடுவே, சிவப்புத் துணியில் வெட்டித் தைத்த அண்டங்காக்கை. அதன் விளிம்பு நெடுகச் சிப்பிப் பொத்தான்கள். மூன்று பக்கமும் சிவப்புக் கரை. கீழே மட்டும் கரை கிடையாது.

வான்கூவரில் எங்கள் தெருவிலிருக்கும் ஹைடா பழங்குடி அம்மா ஒருவர், இறந்துபோன தோழிக்காக இதைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. பழைய பொத்தான்களைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் சிப்பி, இல்லையென்றால் பிளாஸ்டிக், ஒதுக்கிவிடுவார்.

கம்பளியும் பொத்தானும் 19ஆம் நூற்றாண்டில் தோல் வியாபாரிகள் கப்பலில் கொண்டுவந்த சரக்கு. கனடாவின் மேற்குக் கரையிலும் அலாஸ்காவிலும் வாழும் பழங்குடிகள் அதில் தங்கள் குலச்சின்னத்தைப் பதித்து விழா ஆடையாக்கிக்கொண்டார்கள். ஆடுகிறவர் முதுகைத் திருப்பும்போது, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று சபைக்கே தெரிந்துவிடும்.

"நீங்களே போர்த்திக்கொள்வீர்களா?" என்று கேட்டேன்.

"நான் கழுகு. காக்கையைப் போட்டுக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை?" என்றார்.

ஹைடாக்களில் காக்கை, கழுகு என இரண்டே பிரிவு. திருமணம் எதிர்ப்பிரிவில்தான், பிள்ளைகள் தாய் வழி. தோழி காக்கை, ஆகவே அவர் மகளும் காக்கை. போர்வை அந்த மகளுக்கு. தோழியின் குடும்பத்துப் பெரியவர்களிடம் அனுமதி கேட்ட பிறகே துணியில் கத்தரி வைத்தார். அழகுக்காக யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் சின்னம் இல்லை இது. எனக்கு இந்தப் போர்வை மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இப்படிப்பட்ட ஆடைகளுக்கு உயிர் தரும் பாட்லாட்ச் என்ற விழா விருந்தையே கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டப்படி தடை செய்திருந்தது. 1921இல் அதே மேற்குக் கரையின் வில்லேஜ் தீவில் குவாக்வாகாவாக்கு பழங்குடி மக்கள் மறைவாக நடத்திய விருந்துக்காகக் குறைந்தது 20 பேர் சிறை சென்றார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிபோயின. அவற்றில் பலவற்றைப் போராடி மீட்டு, 1980இல் அலர்ட் பே ஊரில் திறந்த உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் வைத்திருக்கிறார்கள். ஆடிப் பாடி விருந்து வைத்ததற்குச் சிறைத் தண்டனை! நினைக்கவே மனம் கொதிக்கிறது.

அடுத்த கோடையில் மாசெட் என்ற ஹைடா ஊரில் தோழிக்குக் கல்லறைக்கல் வைத்து விருந்து. மகள் அங்கே இந்தப் போர்வையைப் போர்த்தி ஆடுவாள். வந்திருப்பவர்கள் எல்லாரும் அதற்குச் சாட்சி. சாட்சிகளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அதற்கான துண்டுகளும் ஜாம் பாட்டில்களும் அந்த அம்மா வீட்டு நடையில் இப்போதே சேரத் தொடங்கிவிட்டன.