650 ரூபாய் கிண்ணத்தில் நம்ம அரிசி எவ்வளவு?

நட்சத்திர ஓட்டல் சாப்பாட்டுக்கும் நம் இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் வந்துவிட்டது. முன்பெல்லாம் பெரிய ஓட்டல் மெனு அட்டையில் பெயர் சொல்லிப் போடும் அரிசி பாஸ்மதி ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் 'சாதம்'. இப்போது கருப்பு கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று பெயரோடு அச்சடிக்கிறார்கள். அதனால் எங்கள் குழுக் கூட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி, "சார், ஸ்டார் ஓட்டலுக்கே நேரா கொடுத்தா என்ன?" போன மாதம் ஒரு தம்பி, தன் ஐந்து ஏக்கரிலும் கவுனி மட்டும் போடப் போவதாகவே சொல்லிவிட்டார். 34 வருஷம் வங்கியில் அடுத்தவர் கணக்கைப் பார்த்தே பிழைத்தவன் நான். ஆகவே இதையும் கணக்காகவே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உயர்தர இந்திய உணவகம் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது.

டெல்லி ஐடிசி மௌரியா ஓட்டலில் 'புகாரா' இருக்கிறது. 1970களின் கடைசியில் தொடங்கியது. அங்கே கத்தி, முள்கரண்டி கேட்டால்தான் வரும். கழுத்தில் ஒரு பெரிய துணியைக் கட்டிவிட்டு, கையால் சாப்பிடச் சொல்வார்கள். அதன் புகழ்பெற்ற 'தால் புகாரா' என்ன தெரியுமா? தோலோடு கூடிய முழுக் கருப்பு உளுந்து, தக்காளி, வெண்ணெய், கிரீம். அவ்வளவுதான். ராத்திரி முழுக்கத் தந்தூர் தணலில் வேக விடுகிறார்கள். நம்ம வரப்பு ஓரத்தில் விளையும் உளுந்துதான்! இத்தனை வருஷத்தில் அந்த மெனு பெரிதாக மாறவே இல்லை.

இதற்கு நேர் எதிர் வகை சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் உள்ள 'அவர்தனா'. இங்கே 7, 9, 11, 13 பதார்த்தங்கள் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்தான். தக்காளி ரசத்தைத் தெளிவாக வடித்துக் கண்ணாடிக் கோப்பையில் தருவது இவர்களுடைய அடையாளம்.

மூன்றாவது வகை, கிராமத்துச் சாப்பாட்டையே உயர்தர மேஜைக்குக் கொண்டுபோவது. நியூயார்க் 'செம்மா' அதற்கு நல்ல உதாரணம். அதன் சமையல் தலைவர் விஜய்குமார் நம்ம நத்தம் பக்கத்துக்காரர். 2022இல் அந்த உணவகத்துக்கு மிச்சலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025இல் அவருக்கு ஜேம்ஸ் பியர்டு விருதும் வந்தது. அங்கே பேர்போன பதார்த்தங்களில் ஒன்று நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் நத்தை பொறுக்கிய நினைவிலிருந்து வந்ததாம். கையில் காசு இல்லாத காலத்தில் நம் ஜனங்கள் சாப்பிட்ட உணவு அது. இன்று மருந்தடித்த வயல்களில் நத்தையைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. வரப்பில் நத்தை திரும்பி வந்த நிலங்கள் நம் வாசகர்கள் பலரிடம் உண்டு.

சாப்பிட்ட அனுபவத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், போகாதவர்களுக்காக. மகள் ஒருமுறை எங்களை அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போனாள். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான்: சாதாரணமா, வாயு சேர்த்ததா? இரண்டுக்கும் காசு. பிறகு கேட்காமலே ஒரு வாய் அளவுக்கு ஏதோ வரும், அது ஓட்டல் தருவது. ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும் பரிமாறுகிறவர் அருகில் நின்று அது என்ன, எந்த ஊர்ப் பக்குவம் என்று சொல்கிறார். என் மனைவிக்குப் பசி அடங்கவில்லை என்பது வேறு விஷயம். எனக்குப் பிடித்தது அந்த விளக்கம் சொல்லும் பழக்கம்தான். கவுனி இனிப்பு வந்தபோது, "இது செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய அரிசி சார்" என்று அந்தப் பையன் எனக்கே விளக்கினான். சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

இனி கணக்கு. அந்தக் கிண்ணத்தின் விலை 650 ரூபாய். எங்கள் வீட்டில் கவுனி இனிப்பு செய்கிற அளவை வைத்துப் பார்த்தால், அதில் இருந்தது 30 கிராம் அரிசி. நான் கிலோ 130 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். 30 கிராமுக்கு 3 ரூபாய் 90 காசு. நூற்றுக்கு 60 காசு என்று சொல்லலாம்.

அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களின் உணவகத்தில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெளியே தனியாக இருக்கும் உணவகம் என்றால் 5 சதவீதம். ஆக 650 ரூபாய்க் கிண்ணத்துக்கு வரி மட்டும் 117 ரூபாய். நமக்கு ஒரு முழுக் கிலோ கவுனிக்குக் கிடைப்பது 130! (பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று இருந்தால் அது வரி அல்ல. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம்.)

இதைக் கேட்டதும் "பாத்தீங்களா, கொள்ளை!" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். உணவகத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்குள் சமையல் பொருள் செலவை அடக்க வேண்டும் என்பது. மீதியில் சம்பளம், வாடகை, ஏசி, காஸ், உடையும் கண்ணாடி, வீணாகும் பொருள், காலியாகக் கிடக்கும் மேஜை எல்லாம் வந்துவிடும். பெரிய இறாலோ ஆட்டுத் தொடையோ வைக்கும் தட்டில் பொருள் செலவே அதிகம், லாபம் குறைவு. அதை ஈடுகட்டுவது அரிசி, பருப்பு, தோசை, இனிப்பு. அதாவது, உணவகத்துக்கு நல்ல லாபம் தருவது நம்ம தானியங்கள்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, அங்கே விலை ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. நான் 130க்குப் பதில் 180 கேட்டாலும் ஒரு கிண்ணத்துக்குக் கூடுவது ஒன்றரை ரூபாய். கொள்முதல் மேலாளர் பேரம் பேசுவார், அது அவர் வேலை. நாம் பதறி இறங்க வேண்டியதில்லை.

இரண்டாவதைத்தான் அந்தத் தம்பியிடம் சொன்னேன். 60 இருக்கை உள்ள உணவகம், பகலும் இரவுமாக ஒரு நாளைக்கு 80 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். பாதிப் பேர் கவுனி இனிப்பு கேட்டால் 40 கிண்ணம். ஒரு நாளைக்கு 1,200 கிராம். மாதம் 36 கிலோ. வருஷம் முழுக்க 438 கிலோ. என் நிலத்தில் கவுனி ஏக்கருக்கு 1,000 கிலோ நெல் வருகிறது, அரைத்தால் 600 கிலோ அரிசி. அந்தப் பேர்பெற்ற உணவகத்துக்கு ஒரு வருஷத்துக்குத் தேவை 73 சென்ட் நிலம்! அவர்கள் அந்த ஒரு பதார்த்தத்தில் செய்யும் விற்பனை ஏறக்குறைய 95 லட்சம். நமக்கு வருவது 57,000 ரூபாய். ஐந்து ஏக்கர் கவுனியை வாங்க ஆறேழு உணவகம் வேண்டும். ஊரிலும் பக்கத்து டவுனிலும் மாதம் ஐந்து கிலோ வாங்கும் எட்டுக் குடும்பம் கிடைத்தால் அந்த ஓட்டலைவிடப் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்.

அதற்காக ஓட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெனுவில் ரகத்தின் பெயர் வந்தால், சாப்பிட்டவர்களில் சிலர் அந்த அரிசியைத் தேடி வருகிறார்கள். எங்கள் குழுவுக்கே அப்படி நான்கைந்து பேர் வந்தார்கள். ஆனால் உள்ளே நுழைய அவர்கள் கேட்பது விலைக் குறைப்பல்ல, சீர். இந்த மாத அரிசியும் அடுத்த மாத அரிசியும் ஒரே மாதிரி வேக வேண்டும். கலவன் இருக்கக் கூடாது. வயலில் பூக்கும் நேரத்தில் இறங்கி வேற்று ரகக் கதிரைப் பிடுங்காவிட்டால் அரவைக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கல் கிடைத்தால் மொத்த மூட்டையும் திரும்பி வரும். நெல்லை 14 சதவீத ஈரத்துக்குக் கீழே காய வைத்து, மாதா மாதம் வேண்டியதை மட்டும் அரைத்துக் கொடுப்பது நல்லது. தவிடு போகாத அரிசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், வண்டும் வரும். நான் பார்த்த ஓட்டல்களில் சாக்கை சமையலறைக்குள் விடுவதில்லை. வாசலிலேயே தங்கள் டப்பாவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கடையில் 26 கிலோ மூட்டை எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது சான்று. நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்கும் சிறு விவசாயிக்கு, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால், 'இயற்கை விளைபொருள்' என்று சொல்லச் சான்று கட்டாயமில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளில் இந்த விலக்கு இருக்கிறது. ஓட்டல் என்பது நேரடி நுகர்வோர் அல்ல. அங்கே பிஜிஎஸ் சான்றோ, என்பிஓபி சான்றோ வேண்டும். பிஜிஎஸ் என்பது அக்கம்பக்கத்து விவசாயிகள் ஐந்து பேராவது சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை, செலவும் குறைவு. என்பிஓபிக்குத் தமிழ்நாட்டில் அரசின் அங்கக சான்றளிப்புத் துறையே கோவையில் இருக்கிறது.

பணம் வருவதுதான் உண்மையான தலைவலி. ஒரு பெரிய ஓட்டல் எங்களுக்கு 97 நாள் கழித்துத்தான் பணம் கொடுத்தது. அதற்குள் நடவுக் கூலி, களைக் கூலி எல்லாம் கைக்காசில் போயிற்று. குழுவே நெல்லை வாங்கி அரிசி, அவல், மாவு என்று பதப்படுத்தி விற்பதானால் உத்யம் பதிவு எடுத்துவிடுங்கள். சிறு, குறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால், வாங்கியவர் அந்தத் தொகையைப் பணம் கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றும் இப்போது வந்திருக்கிறது. இதை அவர்கள் கணக்குப் பிரிவில் மெதுவாக எடுத்துச் சொன்னாலே போதும், ஃபைல் நகரும். வெறுமனே வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, கவனம்.

கடைசியாக, செஃப் மாறுவார். அவரோடு மெனுவும் மாறும். புகாரா மாதிரி மெனுவை மாற்றாத இடத்துக்கு உளுந்து கொடுப்பவர் நிம்மதியாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் புதுப் பதார்த்தம் வைக்கும் இடத்துக்கு, விதைத்து 150 நாள் காத்திருக்கும் கவுனி எப்படிப் பொருந்தும்? வங்கிகள் ஒரே கடனாளியிடம் மூலதனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பொதுவாக வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் குழுவிலும் அதையே தீர்மானமாகப் போட்டுவிட்டோம்: எந்த ஓட்டலுக்கும் ஒருவர் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்கக் கூடாது.

அந்தத் தம்பி இந்தச் சம்பாவில் ஒரு ஏக்கர் கவுனி, இரண்டு ஏக்கர் தூயமல்லி, மீதியில் சீரகச் சம்பா போடுகிறார். அறுவடைக்குப் பிறகு வரப்பிலும் தரிசிலும் கருப்பு உளுந்து. குருணையை யார் எடுப்பது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஓட்டலுக்கு அது வேண்டாம். எங்கள் ஊர்ப் புட்டுக் கடைக்கார அம்மா கிலோ 70க்குக் கேட்டிருக்கிறார், ரொக்கமாக.