செல்போனில் தேடியது யார் யாருக்குத் தெரியும்? அழித்தாலும் அழியாத அந்தரங்கம்!

மணவாள நகர்:

ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி, கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் வியாபாரி, மின்சார ரெயிலுக்குக் காத்து நிற்கும் குமாஸ்தா... எல்லோர் கையிலும் செல்போன். ஒருவர் மூல வியாதிக்கு மருந்து தேடுகிறார். இன்னொருவர் அவசரக் கடன் தேடுகிறார். மற்றொருவர் முதலாளிக்குத் தெரியாமல் வேறு வேலை தேடுகிறார்.

கட்டிய மனைவியிடம்கூட சொல்லாததை செல்போனிடம் சொல்லி விடுகிறோம். அது வாய் திறக்காது என்று நம்பிக்கை. ஆனால் அது எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறது!

இரண்டு இடத்தில்

நீங்கள் தேடும் சொல் இரண்டு இடத்தில் பதிவாகிறது. ஒன்று, உங்கள் செல்போன். மற்றொன்று, கூகுள் போன்ற கம்பெனியில் உள்ள உங்கள் கணக்கு. செல்போனில் மட்டும் அழித்தால், கணக்கில் உள்ளது அப்படியே இருக்கலாம்.

"இன்காக்னிட்டோவில்தானே பார்த்தேன், எவனுக்குத் தெரியும்?" என்பவர்கள் உண்டு. அது உங்கள் செல்போனில் தடம் பதியாமல் இருக்க மட்டுமே. கம்பெனி வைபையில் பார்த்தால், எந்த இணையதளத்துக்குப் போனீர்கள் என்பதை கம்பெனி அறிய முடியும். இந்த 'இன்காக்னிட்டோ' விவகாரத்தில் அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மீது வழக்கு தொடரப்பட்டது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக 2024-ல் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

காட்டிக் கொடுத்த எண்

"பேர் இல்லாமல் வெறும் எண் இருந்தால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பெனி, சுமார் 6½ லட்சம் பேர் 3 மாதம் தேடிய சொற்களை ஆராய்ச்சிக்கு என்று வெளியிட்டது. பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டிருந்தது.

ஒரு எண்ணுக்கு உரியவர் தன் ஊர்த் தோட்டக்காரர்களைத் தேடியிருந்தார். தன் குடும்பப் பெயரைத் தேடியிருந்தார். விரல் மரத்துப் போவது பற்றித் தேடியிருந்தார். அதை வைத்தே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் 62 வயது விதவை ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி விட்டார்கள்! கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஆனால் வெளியே போனது போனதுதான்.

'கஞ்சா' என்று தேடிய போலீஸ்

அவ்வளவு தூரம் போவானேன்? 2021 அக்டோபரில் ஐதராபாத்தில் போலீசார் தெருவில் போகிறவர்களை நிறுத்தி செல்போனை வாங்கினார்கள். வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று போட்டுத் தேடினார்கள். வீடியோ வெளிவந்ததும் பெரும் கண்டனம் எழுந்தது.

கணவன்-மனைவி

வீட்டுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு. விவாகரத்து வழக்கு ஒன்றில், மனைவிக்குத் தெரியாமல் அவரது செல்போன் அழைப்பு விவரங்களை எடுத்து கணவர் கோர்ட்டில் கொடுத்தார். மதுரை ஐகோர்ட்டு நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2024 அக்டோபரில் அதை ஏற்க மறுத்தார். அந்தரங்க உரிமை கணவன்-மனைவிக்கு இடையிலும் உண்டு என்று தீர்ப்பு கூறினார்.

ஆனால் வேறொரு வழக்கில், மனைவி பேசியதை கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். அதை சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆகவே கோர்ட்டு காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

சட்டம் என்ன?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி.

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைப் பாதுகாக்கத் தவறும் கம்பெனிக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை நம் பூட்டை நாமே போட வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்?

* கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' பகுதிக்குப் போனால் தேடியது எல்லாம் தேதிவாரியாக இருக்கும். அங்கேயே அழிக்கலாம். 3, 18 அல்லது 36 மாதத்துக்கு முந்தைய பதிவுகள் தானாக அழியும்படியும் வைக்கலாம்.

* ரிப்பேர் கடையில் செல்போனைக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி விடுங்கள். பூட்டு எண்ணை சீட்டில் எழிதிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். எதிரிலேயே திறந்து காட்டுங்கள்.

* பழைய செல்போனை விற்கும் முன் கணக்கை நீக்கி, 'பேக்டரி ரீசெட்' செய்யுங்கள்.

* கம்பெனி கம்ப்யூட்டரிலும், ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலும் சொந்தக் கணக்கைத் திறந்தால் மூடிவிட்டு எழுந்திருங்கள். அடுத்து உட்காருபவர் யாரோ!

"நான் என்ன தப்பு செஞ்சேன், எனக்கு எதுக்கு ரகசியம்?" என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. வியாதியும் கடனும் தப்பு அல்ல. ஆனாலும் அதைத் தெருவில் தட்டி எழுதி யாரும் வைப்பதில்லையே!