சோல்பரி யாப்பின் வலுக்குறை

1948இல் சுதந்திரம் எய்திய இலங்கையை ஆண்டது சோல்பரி அரசியல் யாப்பு. ஓரினத்தார்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டம் இயற்றலாகாதென அதன் 29ஆம் பிரிவு பாராளுமன்றத்தைத் தடுத்தது. ஆயின், குடிமகன் யாவன் என்பதை யாப்பு வரையறுத்திலது. அவ்வதிகாரம் பாராளுமன்றத்தின்பாலே நின்றது. 1787இல் வரைந்த அமெரிக்க யாப்பிலும் இக்குறை இருந்தது. 1868இலேயே 14ஆம் திருத்தம் அதனை நீக்கிற்று.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் எவ்வினத்தையும் பெயர் சுட்டவில்லை. எனினும், நிவித்திகல முதலாய தோட்டங்களில் வாழ்ந்த தமிழருட் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். சப்பிரகமுவ மாகாணத்து ருவான்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைப் பதியக் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு, 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலில் தோற்றது. குடிகள் யாவரெனத் தீர்மானித்தல் சட்டமன்றுக்கு இயல்பான உரிமையே என்றனர் நீதிபதிகள். காவல் வீட்டினுள்ளார்க்கே, வாயிலுக்கு அன்று! 1972ஆம் ஆண்டு யாப்பில் அப்பிரிவும் மறைந்தது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.