நாள் முழுக்க நின்னே வேலை பார்த்தா உடம்புக்கு என்ன ஆகும்?

செலியமேட்டிலிருந்து பேசுறேன். உட்கார்ந்தே இருந்தா ஆபத்துன்னு சொல்லி நம்ம ஐடி ஆளுங்க ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்குறோம். அதே நேரம் பாகூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஜவுளிக்கடை வேலைக்குப் போறவங்க நாள் முழுக்க நிற்கிறாங்க. நிற்பது அவ்வளவு நல்லதுன்னா, சாயங்காலம் அவங்க கால் ஏன் வீங்குது?

பாதத்துக்கு இறங்கின ரத்தம் திரும்ப இதயத்துக்கு ஏறணும். அதை மேலே தள்ளுற பம்ப், கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை ஏத்திவிடும். கீழே திரும்பாம சிரைகளுக்குள்ள இருக்கிற வால்வுகள் தடுக்கும். அசையாம நின்னா பம்ப் சரியா ஓடாது. ரத்தம் தேங்கும், கால் கனக்கும். வருஷக்கணக்கில் தொடர்ந்தா சிரை விரிஞ்சு, வால்வு சரியா மூடாமப் போகலாம். அதுதான் வெரிகோஸ். வீட்டுல "நரம்பு சுருட்டிக்கிச்சு"ன்னு சொல்வாங்க. உண்மையில அது நரம்பு இல்ல, ரத்தக்குழாய்.

இடுப்புத் தசைகளும் ஓய்வில்லாம இறுகியே இருக்கிறதால முதுகுவலி வரும். கனடாவின் ஒன்டாரியோவில் சுமார் 7,300 தொழிலாளர்களை 12 வருஷம் கவனிச்ச ஆய்வு 2018-ல் வெளியானது. பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்றவங்களைவிட, பெரும்பாலும் நின்னு வேலை செய்றவங்களுக்கு இதய நோய் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

அப்போ எது நல்லது, உட்கார்றதா, நிற்கிறதா? ரெண்டுமே இல்ல. மாத்தி மாத்திச் செய்றதுதான் நல்லது. ஸ்டாண்டிங் டெஸ்க்கில் கால் வலிச்சா நாம உட்காரலாம். கடையில் நிற்கிறவங்களுக்கு அந்தச் சாய்ஸ் கிடையாது.

இதுக்குச் சட்டம் இருக்கு. தொழிற்சாலைகளில் நின்னு வேலை செய்றவங்களுக்கு இருக்கை தரணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே 44-ஆம் பிரிவு சொன்னது. கடைகளுக்கு அது பொருந்தல. கோழிக்கோட்டில் பி. விஜியின் 'பெண்கூட்டு' முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடியது. 2018-ல் கேரளாவும், 2021-ல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தின.

புதுச்சேரி கடைகளுக்கு 1964-ல் வந்த தனிச் சட்டம். தமிழ்நாட்டுத் திருத்தம் கடலூர் கடைக்குச் செல்லும். எல்லை தாண்டி இங்க செல்லாது. ஆனா கால் வலிக்கு எல்லைக்கோடு தெரியுமா?

நின்னே ஆகணும்னா: குதிகாலை அடிக்கடி தூக்கி இறக்குங்க, நாலு அடி நடங்க, ஒரு காலைச் சின்னப் பலகை மேல மாத்தி மாத்தி வைங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா, ரத்தக்கட்டியா இருக்கலாம். அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

கடை வச்சிருக்கிறவங்க ஒரு ஸ்டூல் போடுங்க. வாடிக்கையாளரா போறவங்க, விற்பனையாளர் உட்கார்ந்திருந்தா அதை மரியாதைக் குறைவா நினைக்காதீங்க.