நாய்க்கு இருப்பிடச் சான்று! டிஜிட்டல் கையெழுத்து எதற்குச் சாட்சி?

பெயர்: டாக் பாபு. அப்பா: குத்தா பாபு. அம்மா: குத்தியா தேவி. இந்தியில் குத்தா என்றால் நாய். போட்டோவில் இருப்பதும் நாய்தான்! 2025 ஜூலையில் பீகாரில், பாட்னாவை அடுத்த மசௌடியில் வழங்கப்பட்ட இருப்பிடச் சான்றிதழ் இது. யாரோ போட்டோஷாப்பில் விளையாடிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அரசின் ஆன்லைன் சேவையிலேயே, வருவாய் அலுவலரின் டிஜிட்டல் கையெழுத்துடன் வந்தது. விண்ணப்பத்துடன் இணைத்திருந்தது டில்லிப் பெண் ஒருவரின் ஆதார். விஷயம் வெளியானதும் சான்றிதழ் ரத்து. விண்ணப்பித்தவர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர், அலுவலர் மூவர் மீதும் வழக்குப் பதிய உத்தரவு.

சிரிப்பு வருகிறதா? அந்த நேரத்தில்தான் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. தேர்தல் ஆணையம் ஏற்ற 11 ஆவணங்களில் நிரந்தர இருப்பிடச் சான்றும் ஒன்று. ஆதார் அப்போது அதில் இல்லை. வேறு காகிதம் இல்லாத மக்கள் இந்தச் சான்றுக்காக அலைந்த நாட்களில் நாய்க்கு அது கிடைத்துவிட்டது.

இது முதல் தடவையும் அல்ல. 2015இல் மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் மாவட்டத்தில் 'டாமி சிங், த/பெ ஷேரு சிங்' என்ற நாய்க்கு ஆதார் அட்டையே வந்தது. பதிவு மையத்தின் மேற்பார்வையாளர் கைதானார்.

சரி, டிஜிட்டல் கையெழுத்து இருந்தும் எப்படி? கையெழுத்திடும்போது சாஃப்ட்வேர் அந்த ஃபைல் முழுவதையும் 'ஹேஷ்' என்ற சிறிய எண்ணாகச் சுருக்குகிறது. பென் டிரைவ் போலிருக்கும் யூஎஸ்பி டோக்கனில் உள்ள ரகசியச் சாவி அந்த எண்ணைப் பூட்டிவிடும். பிறகு ஃபைலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கணக்கு உதைக்கும். ஆக, இந்தச் சாவியால் கையெழுத்தானது, அதன்பின் யாரும் திருத்தவில்லை: இந்த இரண்டுக்குத்தான் அது சாட்சி. உள்ளே இருப்பது மனிதரா நாயா என்று அதற்குத் தெரியாது. பேனாவை உதவியாளரிடம் கொடுத்தால் உங்கள் கையெழுத்து விழாது. டோக்கனையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் விழும்!

நம் பக்கம் வருவோம். எலவனாசூர்கோட்டையில் ஒருவர் இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறி உளுந்தூர்பேட்டை வட்டாட்சியர் அலுவலகம் வரை போகிறது. இத்தனை கண்கள் இருந்தும் தவறு நழுவலாம். 2017இல் சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் ஒருவரின் ஸ்மார்ட் ரேஷன் கார்டில் நடிகை காஜல் அகர்வாலின் படம் அச்சாகி வந்ததே!

எனவே ஆபரேட்டர் 'சப்மிட்' அழுத்தும் முன் மானிட்டரைத் திருப்பச் சொல்லி போட்டோ, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று. சான்றிதழின் பி.டி.எஃப். ஃபைலை அடோபி ரீடரில் திறந்தால் கையெழுத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரியலாம். போலி என்று பதற வேண்டாம். சாவியை வழங்கிய அமைப்பு உங்கள் கம்ப்யூட்டரின் நம்பகப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். சான்றிதழில் உள்ள எண்ணை அரசு இணையதளத்தில் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.