கொழுப்பில் ஒளிந்த கஞ்சா

மார்ஃபின் கொடுத்துப் பழக்கிய எலிக்கு அதைத் திடீரென நிறுத்தினால் நடப்பதைக் கூண்டுக்கு வெளியே நின்றே பார்க்கலாம். உடம்பு உதறும், வயிற்றுப்போக்கு வரும், எடை குறையும். கஞ்சாவின் போதைச் சத்தான டிஹெச்சிக்குப் பழகிய எலியோ, நிறுத்திய பிறகும் பெரிதாக எதையும் காட்டிக்கொள்ளாது. கஞ்சாவுக்கு உடல் அடிமையாவதில்லை என்று பலர் நெடுநாள் நம்பியதில் இந்தச் சாதுவான எலிக்கும் பங்கு உண்டு.

காரணம் கொழுப்பு. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெச்சூலமும் யெஹியேல் கவோனியும் தூய வடிவில் பிரித்தெடுத்த டிஹெச்சி, கொழுப்பில் கரையக்கூடியது. ஊசியை நிறுத்தினாலும் உடலில் சேர்ந்த இருப்பு நாள்கணக்கில் சிறுகச் சிறுக ரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். நிறுத்தியது ஆய்வாளர்தான், எலியின் உடல் இன்னும் நிறுத்தவில்லை.

1994இல் பிரான்சின் சனோஃபி ஆய்வாளர்கள் ரிமோனபான்ட் என்ற மருந்தை அறிவித்தார்கள். மூளையில் டிஹெச்சி போய் ஒட்டும் சிபி1 ஏற்பிகளை இது அடைத்துக்கொள்ளும்; உடலில் இருப்பு மிச்சமிருந்தாலும் ஒட்ட இடமிருக்காது. மறு ஆண்டே அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், டிஹெச்சி தொடர்ந்து ஏற்றிய எலிகளுக்கு இதைச் செலுத்தின. சற்று நேரத்தில் கூண்டில் அமளி! நனைந்த நாய்போல் உடம்பை உதறின, முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. பின்னர் சுண்டெலிகளில் பாத நடுக்கம் பதிவானது.

மூளைக்குள்ளும் தடயம் கிடைத்தது. டிஹெச்சி போலச் செயல்படும் ஹெச்யு-210 என்ற செயற்கைச் சேர்மத்தை இரண்டு வாரம் கொடுத்து, பிறகு ரிமோனபான்ட் செலுத்தினார்கள். எலிகளின் அமிக்டலா பகுதியில் சிஆர்எஃப் என்ற மன அழுத்த வேதிப்பொருள் எகிறியது. மதுவை விடும்போதும் இதே பகுதியில் இதே பொருள்தான் ஏறுகிறது. 1997இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான இந்த முடிவு, பழைய நம்பிக்கையை நன்றாகவே அசைத்தது.

கஞ்சா பிடிப்பவர் யாரும் ரிமோனபான்ட் போட்டுக்கொள்வதில்லையே, இது வலிந்து வரவழைத்த அவஸ்தை அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வுகளில் பலவற்றில் கொடுத்த அளவும் அதிகம். ஆனால் 1986இலேயே ரீசஸ் குரங்குகளிடம் வேறொன்று தெரிந்திருந்தது. அவற்றுக்கு டிஹெச்சியைத் தொடர்ந்து ஏற்றி, பிறகு வெறுமனே நிறுத்தினார்கள். எந்த எதிர்மருந்தும் கிடையாது. வெளியே நடுக்கமோ உதறலோ பெரிதாக இல்லை. ஆனால் உணவுக்காக நெம்புகோலை அழுத்தும் வேகம் சரிந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு, கஞ்சாவை விடும்போது மனிதருக்கு வரும் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவற்றைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது 2013இல்தான்.