ஒருமுறையே வந்த பெயர்: எடுத்தனூர் நடுகற் கோவிவன்

நாட்குறிப்பினைப் பயில்வார் அதனை எழுதியவரையே நோக்குவர். ஓரிரு வரிகளில் தோன்றி மறையும் நண்பரை நோக்குவார் சிலரே. உருசிய நங்கை மரியா பாசுகிர்த்சேவ் (1858–1884) எழுதிய நாட்குறிப்பிலும், புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பிலும் (1736–1761) இத்தகைய சிறு பெயர்கள் பலவுள. முன்னது 1887இல் அச்சேறியபொழுது பல பகுதிகள் நீக்கப்பெற்றன. ஆதலின், ஒருவர் பெயர் அருகி வருதல் கொண்டே அவர் நெருக்கமில்லாதவர் எனத் துணிதல் பொருந்தாது. அங்ஙனமாயின், சிறு பெயரை எங்ஙனம் மதிப்பிடுவது? சவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் இதற்கு விடை பகர்கின்றது.

மகேந்திரவர்ம பல்லவனது 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த இக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்குரியது. எருமைகளைக் காக்கும் பூசலில் அவன் பட்டான் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். வீரன் உருவத்தோடு நாயின் உருவமும் அக்கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய்க்குரியதாகத் தனியே ஒரு குறிப்பும் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அக்குறிப்பு அறிவிக்கின்றது.

இதனால் பெறப்படுவன யாவை? கல்லில் இடம் குறுகியது. எழுத்தை வெட்டுதலோ அரிய பணி. அவ்வாறிருந்தும் நாய்க்குப் பெயரும் செயலும் உருவமும் ஆகிய மூன்றும் வாய்த்தன. கள்ளர்க்கோ எண்ணிக்கை மட்டுமே வாய்த்தது. எனவே, பெயர் பொறித்தமை தற்செயலன்று. நினைவில் நிறுத்தும் கருத்தோடு செய்ததே என்க. ஒருவர் பெயர் எத்துணைமுறை வருகின்றது என்பதினும், எழுதுவோர் எதனை விடுத்து எதனைப் போற்றினர் என்பதே உறவின் அளவுகோலாகும்.

எனினும், ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. கோவிவனும் தலைவனோடு மடிந்தது எனக் கூறுவாருமுளர். கல்வெட்டோ அது காத்து நின்றமையை மட்டுமே கூறுகின்றது, இறந்தமையைக் கூறவில்லை. இரக்கத்தால் நாம் சேர்க்கும் முடிவு, அந்நாயின் வரலாறாகாது, நம் கற்பனையே ஆகும். நண்பர் ஒருவர்க்கு நாட்குறிப்பாளர் ஒரு வரியே ஈந்தாராயின், அவ்வரியை முழுதும் கேட்டல் நம் கடன். அடுத்த வரியை நாமே எழுதுதல் கடனன்று.

செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அதனைப் பயிலும் மாணாக்கர், மன்னர் பெயரும் ஆண்டும் குறித்துக்கொண்டு அமைதல் போதாது. ஒருமுறையே வரும் பெயர்களையும் தொகுத்தல் வேண்டும். அவற்றுட் சிலவற்றுக்கு அக்கல்லையன்றி வேறு சான்று இல்லை. நாம் படியாது விடின், அவை மீண்டும் ஒருமுறை மறையும்.